என் பெயரில் போன மெயில்

"நீங்கதானே மேடம் வரலைன்னு எழுதியிருந்தீங்க? அந்த இடத்துக்கு வேற ஆள் எடுத்தாச்சே."

போனில் அந்தக் கம்பெனிப் பெண் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்று சுற்று நேர்காணல் முடித்து, வேலை உத்தரவு ஒரு வாரத்தில் மெயிலில் வரும் என்று அவர்களே சொல்லி, பத்து நாளாக நான் மெயிலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். ஆறு வருடம் அண்ணன் தொழிலில் உழைத்த எனக்கு, என் திறமையைப் பார்த்து வெளியார் கொடுக்க வந்த முதல் வேலை அது. அதை வேண்டாம் என்று நானே எழுதினேனாம்! எனக்கென்ன பைத்தியமா?

"நான் எழுதவே இல்லைங்க."

"உங்க மெயில்லேர்ந்துதான் வந்திருக்கு. போன செவ்வாய்க்கிழமை காலைல." அவள் பாவம், மரியாதையாகவே போனை வைத்தாள்.

நானும் அண்ணனும் சேர்ந்து ஒரு ஆப் நடத்துகிறோம். அவன் விற்பான், நான் புரோகிராம் எழுதுவேன். மெயில், காலண்டர், கோப்பு எல்லாவற்றையும் இணையத்தில் வைத்துத் தருகிற பெரிய நிறுவனம், எங்களைப் போன்றவர்களுக்கென்று சில கருவிகளும் தருகிறது. அவற்றை வைத்து அந்தச் சேவைகளை எங்கள் ஆப்போடு இணைப்பது என் வேலை. பல் டாக்டருக்கு ஒருவர் மெயில் போட்டால், ஆப் அதைப் படித்து, காலண்டரில் நேரம் குறித்து, டாக்டர் பெயரிலேயே பதிலும் அனுப்பிவிடும். டாக்டர் ஒரே ஒருமுறை 'அனுமதி' என்ற பொத்தானை அழுத்தினால் போதும். அவருடைய அஞ்சல்பெட்டிக்கு ஒரு சாவி எங்கள் சர்வருக்கு வந்துவிடும். அவராக ரத்து செய்கிறவரை அது எங்களிடமே கிடக்கும்.

இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் செய்கிற மடத்தனத்தை நானும் செய்திருந்தேன். சோதித்துப் பார்க்க இன்னொரு கணக்கு தொடங்கச் சோம்பல்பட்டு, என் சொந்த மெயிலையே இணைத்தேன். படிக்க, அனுப்ப, நகர்த்த, எல்லாவற்றுக்கும் அனுமதி. வாடிக்கையாளர் பட்டியலில் முதல் பெயரே என்னுடையதுதான்; ஒரு பெயரை அழுத்தினால் அவருடைய மெயில் எங்கள் திரையில் திறக்கும், அங்கிருந்தே பதிலும் அனுப்பலாம். வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

டாக்டர்களின் அஞ்சல்பெட்டி நிரம்பி வழியக்கூடாது என்று, ஆப் கையாண்ட மெயில்களை ஒதுக்கி வைக்க ஒரு தனிக் கோப்புறை செய்திருந்தேன். என் கணக்கிலும் அது இருந்தது. வருடக்கணக்கில் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. போனை வைத்ததும் அதைத் திறந்தேன்.

மூன்று மெயில்கள். முதலாவது, 'வாழ்த்துகள்' என்று தொடங்கிய வேலை உத்தரவு. என் கண்ணிலேயே படாத என் உத்தரவு! இரண்டாவது, நான் எழுதாத என் பதில். மூன்றாவது, அவர்களுடைய வருத்தம். 'அனுப்பு' பொத்தானை அழுத்தியது யார் என்று ஆப்பின் பதிவேட்டில் பார்த்தேன். செவ்வாய், பதினொன்று பத்து, அண்ணன். அந்த நேரத்தில் நான் அவனுக்கு எதிர் மேஜையில்தான் உட்கார்ந்திருந்தேன். டீ சொல்லட்டுமா என்று கேட்டது நினைவிருக்கிறது.

வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? அதிலும் அந்த வேலியைக் கட்டியவள் நான். சொந்தச் செலவில் சூனியம்.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய் அவன் மேஜையில் வைத்தேன். "இது என்ன?"

அவன் முகம் மாறவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். "ஒருநாள் பட்டியல்ல கை தவறி உன் பேரை அழுத்திட்டேன். நேர்காணல் மெயில் தெரிஞ்சுது. அப்புறம்..."

"அப்புறம்?"

"தினமும் பாத்தேன்."

பத்து நாள் நான் வாடிப்போய் உட்கார்ந்திருந்ததை இவன் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

"உன் நல்லதுக்குத்தான், வாலு. அங்க போனா நீ நூத்தோட நூத்தியொண்ணு. இங்க நீதான் எல்லாம்."

"வாலுன்னு கூப்பிடாத."

"நீ மட்டும் வேலை தேடறேன்னு என்கிட்ட சொன்னியா?"

சுருக்கென்று தைத்தது. உண்மைதான், சொல்லவில்லை. "உறுதியானதும் சொல்லலாம்னு இருந்தேன். மறைச்சது தப்புதான். அதுக்காக உன் பேர்ல நான் கையெழுத்து போட்டேனா?"

"நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்? எனக்கு புரோகிராம்ல ஒரு வரி எழுதத் தெரியுமா, சொல்லு!"

"ஏன், இதை நல்லாத்தானே எழுதியிருக்க?" உரக்கவே படித்தேன். "'என் அண்ணன் என்னை நம்பித்தான் இந்தத் தொழிலை நடத்துகிறார். அவரைத் தனியாக விட்டு வர எனக்கு மனம் வரவில்லை. மன்னியுங்கள்.'"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இந்த வார்த்தைகளை என் முகத்தைப் பார்த்து அவன் சொல்லியிருந்தால் நான் போயிருக்க மாட்டேன். திட்டியிருப்பேன், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன், கடைசியில் தங்கியிருப்பேன். என்னை எனக்குத் தெரியும். கேட்க வாயில்லாதவனுக்குத் திருடக் கை இருந்தது.

என் கணக்கின் அமைப்புகளைத் திறந்து, எங்கள் ஆப்பின் பெயரைத் தேடி, 'அனுமதியை நீக்கு' என்பதை அழுத்தினேன். 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. ஆமாம் என்றேன்.

பையை எடுத்துத் தோளில் மாட்டினேன்.

"கோபம் ஆறட்டும், உக்காந்து பேசலாம்," என்றான் அண்ணன். குரல் இப்போதுதான் நடுங்கியது. "நாளைக்கு வருவ இல்ல?"

"அதுக்கும் நீயே பதில் எழுதிக்கோ," என்றேன். "இதுவரைக்கும் என்னைக் கேட்டா எழுதின?"