போபாலுக்கு அடுத்த வருஷம்

போபாலில் விஷவாயு கசிந்து அன்றோடு ஒரு வருஷம். திருத்தணியில் அண்ணன் ஜெபரத்தினத்தின் வீட்டில், தபிதாள் காலையில் தன் ஆறு வயது மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பத்து மணிக்குச் சர்ச்சில் ஜெபம். அவள் கணவன் யோபுவின் பெயரைச் சொல்லி ஜெபிப்பதாகப் போதகர் சொல்லியிருந்தார். யோபு போபால் ரயில்வே ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். அந்த ராத்திரி டியூட்டிக்குப் போனவன் திரும்பவில்லை.

நெடி முதலில் குழந்தையைத்தான் பிடித்தது. ஜெபகுமாரி இருமினாள். மறுநொடி தபிதாளின் தொண்டையும் கண்ணும் எரிந்தன. அன்றைக்கும் இப்படித்தான். யாரோ மிளகாயைச் சுடுகிறார்கள் என்று நினைத்துப் புரண்டு படுத்தவள் அவள். இன்னொரு முறை ஏமாறுவாளா? குடத்துத் தண்ணீரில் முந்தானையை நனைத்து மகளின் மூக்கைப் பொத்தி, இடுப்பில் அள்ளிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள்.

நாலு எட்டு வைத்ததும் கால் நகரவில்லை. அன்று போபாலில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டாமல் ஓடியிருந்தாள். உள்ளே பிள்ளை பெற்றுப் பதினோரு நாளான ஒரு பெண். மறுநாள் வந்து பார்த்தபோது அந்தக் கதவு தாழிட்டபடியே இருந்தது. இதை அவள் அண்ணனிடம்கூடச் சொன்னதில்லை.

திரும்பி வந்து பக்கத்து வீட்டுக் கதவை உள்ளங்கையால் அடித்தாள்.

"அக்கா! வெளிய வாங்க! கேஸு!"

கோவிந்தம்மாள் கரண்டியோடு வந்தாள். "இன்னாம்மா ஆச்சு? பொடிக்கு மொளகா வறுத்துகினு இருக்கேன்."

அது தபிதாளின் காதில் ஏறவில்லை. கோவிந்தம்மாளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். எதிர்வீட்டு வாசலில் யாரோ சிரித்தார்கள். கோவிந்தம்மாளுக்கும் கோபம்தான் வந்தது. ஆனால் குழந்தையின் மூக்கைப் பொத்தியிருந்த ஈர முந்தானையைப் பார்த்ததும் கையை உதற மனம் வரவில்லை. "சந்திரா, அடுப்ப அணைச்சிடு" என்று மருமகளுக்குக் குரல் கொடுத்துவிட்டு, வெறுங்காலோடு கூடவே ஓடினாள்.

மேட்டுக்குப் போக வேண்டும், தபிதாளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மலைக்கோயில் படிகளில் ஏறினார்கள். பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். குழந்தையின் இருமல் நின்றிருந்தது. கீழே ஊர் வெயிலில் கிடந்தது. பஸ் ஹாரன் கேட்டது. தெருவில் யாரும் விழுந்து கிடக்கவில்லை.

"மொளகாதாம்மா" என்றாள் கோவிந்தம்மாள் மெல்ல. "என் வூட்டு மொளகா."

"தெரியுதுக்கா. ஆனா அன்னிக்கி நான் கதவத் தட்டலியே..." தபிதாள் விக்கி விக்கி எல்லாவற்றையும் சொன்னாள்.

கோவிந்தம்மாள் ஜெபகுமாரியைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டாள். பிறகு, "அந்தக் கொழந்த ஆணா, பொண்ணா?" என்று கேட்டாள்.

"பொண்ணு. இன்னும் பேரு வெக்கல."

சர்ச்சில் யோபுவின் பெயரைச் சொன்னபோது தபிதாள் அங்கே இல்லை.

அடுத்த வருஷம் டிசம்பர் பிறந்ததுமே அவளுக்குத் தூக்கம் போயிற்று. மூன்றாம் தேதி காலை கோவிந்தம்மாள் குளித்துவிட்டு வந்து, "வா, நானும் வரேன்" என்றாள். சர்ச்சில் கதவோரம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். போதகர் ஜெபித்துக்கொண்டிருக்கும்போது ஜெபகுமாரி தும்மினாள். தபிதாள் பாதி எழுந்துவிட்டாள். கோவிந்தம்மாள் அவள் புடவையைப் பிடித்து உட்காரவைத்து, ஜெபம் முடியும்வரை பிடியை விடவில்லை.