ஃபார்மில் இல்லாத கேள்வி

முதலமடைப் பஞ்சாயத்து ஆபீசுக்கு எதிர் வரிசையில் இருந்த ஆன்லைன் சேவை மையத்தில் ஒன்பது வருஷமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தாள் ரஜீனா. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஊர். இந்தப் பக்கம் அவளும் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு ஸ்கேனரும். வருமானச் சான்றிதழ், நில வரி, பென்ஷன்காரர்களின் கைரேகை எல்லாம் அவள் கை வழியாகத்தான் போயாக வேண்டும். வயது முப்பத்துநான்கு. கல்யாணம் ஆகவில்லை. இது தெரியாதவர்கள் ஊரில் யாராவது இருந்தால், அவர்கள் அந்த வாரம்தான் குடிவந்திருக்க வேண்டும்.

மாப்பிள்ளை வராமல் இல்லை. கொல்லங்கோட்டிலிருந்து வந்தவர்கள் வேலையை விடச் சொன்னார்கள். முடியாது என்றாள். இன்னொருத்தன் பெண் பார்க்க வந்து, உட்கார்ந்திருந்த அரைமணி நேரமும் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அதற்கும் முடியாது என்றாள். அதற்குப் பிறகு மாப்பிள்ளைகள் குறைந்து, வேறு வகை ஆண்கள் பெருகினார்கள்.

ஒரே ரேஷன் கார்டை ஐந்து தடவை ஜெராக்ஸ் எடுக்க வந்த லாரி டிரைவர் ஒருத்தன். கைரேகை மெஷினில் விரலைப் பிடித்து வைத்தால், "உங்க கை நல்லா ஜில்லுனு இருக்குதுங்க" என்று நெளிந்த மாந்தோப்புக் குத்தகைக்காரர் ஒருத்தர். அவருடைய பேரன் பெயரை ரேஷன் கார்டில் சேர்த்துக் கொடுத்ததே ரஜீனாதான். வாசல் போர்டில் மையத்தின் நம்பர் என்று எழுதியிருந்தது அவளுடைய செல்போன் நம்பர். அதனால் காலை ஆறு மணிக்கே ரோஜாப்பூப் படங்கள் வர ஆரம்பித்துவிடும். பெயர் சொல்லாத ஒருத்தன் நாலு மாதமாக "சாப்டாச்சா" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவனுக்கு வரவில்லை.

இதையெல்லாம் தம்பி மனைவி இர்ஃபானாவிடம் காட்டிச் சிரிப்பாள். "ஆசைப்படறது தப்பில்ல இர்ஃபானா. ஆனா ஒருத்தனுக்காச்சும் ஒழுங்காப் பேசத் தெரியுதா பாரு."

தனக்கும் தெரியாது என்பது அவளுக்கு ஏப்ரல் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை தெரிந்தது.

அன்றைக்கு மஸ்டரிங் கூட்டம். உயிரோடு இருக்கிறோம் என்று பென்ஷன்காரர்கள் விரல் வைத்து நிரூபிக்க வேண்டிய நாட்கள். அந்த வரிசைக்கு நடுவே அஜ்மல் வந்து நின்றான். கம்பம்மெட்டுக்காரன், ஏலக்காய் வியாபாரம். இந்த வருஷம் மாங்காயிலும் கை வைத்துப் பார்க்கலாமென்று ஸ்டேஷன் ரோட்டில் ஒரு ஷெட்டை சீசனுக்குப் பிடித்திருந்தான். பழம் பேக் செய்து வெளியூர் அனுப்பப் பதிவுச் சான்று வேண்டும். சட்டையில் ஏலக்காய் வாசம் அடித்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வரைக்கும் அடித்தது.

ஆதார் கார்டை நீட்டும்போது அவனே சொன்னான்: "போட்டோவப் பாத்து பயந்துறாதீங்க. இதப் பாத்தா எனக்கே என் மேல கேஸ் குடுக்கணும்போல இருக்கும்."

ரஜீனா கார்டைப் பார்த்தாள். நிஜமாகவே கேஸ் கொடுக்க வேண்டிய முகம்தான். சத்தமாகச் சிரித்துவிட்டாள். வேலை நேரத்தில் அவள் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவனும் சிரித்தான். மேல்வரிசையில் ஒரு பல் லேசாக முன்னால் வந்திருந்தது. அது அழகாக இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

பெயர் கேட்டாள். அப்பா பெயர் கேட்டாள். பிறந்த தேதியைத் தட்டினாள், முப்பத்தேழு. ஷெட் விலாசம் கேட்டாள். பிறகு, யோசித்துக் கேட்டது இல்லை, வாய் தானாகக் கேட்டது:

"கல்யாணம் ஆயிருச்சுங்களா?"

"இல்லங்க."

விலாசக் கட்டத்தில் 'இல்லை' என்று தட்டி, உடனே அழித்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"பொண்ணு கிண்ணு பாத்துட்டு இருக்கறீங்களா?"

அஜ்மல் முழித்தான். "இதையுமா ஃபார்ம்ல கேக்குறாய்ங்க?"

பின்னால் நின்ற சின்னத்தாய், எழுபது வயசு, காது மட்டும் நல்ல காது. "ஏனுங் கண்ணு, எங்கிட்ட இதெல்லாம் கேக்கவே இல்லியே" என்றாள். வரிசை முழுக்கச் சிரித்தது.

ரஜீனாவுக்குக் காது மடல் எரிந்தது. ஆமாம், புது ஃபார்ம், அரசாங்கம் கேட்கிறது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம், யாரும் சரிபார்க்கப்போவதில்லை. ஆனால் ஒன்பது வருஷமாக ஊருக்கு ஃபார்ம் நிரப்புகிறவள், ஃபார்மில் இல்லாததை இருப்பதாகச் சொல்லிப் பழக்கமில்லை.

"ஃபார்ம்ல இல்லீங்க," என்றாள். "நாந்தான் கேட்டேன்."

அஜ்மல் எதையோ சொல்ல வந்தான், ஃபேனைப் பார்த்தான், பேனாவைக் கீழே போட்டான், குனிந்து எடுத்தபோது மேஜை விளிம்பில் நெற்றியை இடித்துக்கொண்டான். பிறகு ரசீதைக்கூட வாங்காமல் வெளியே போய்விட்டான். ஆதார் கார்டு ஸ்கேனருக்குள்ளேயே கிடந்தது.

கார்டை உறையில் போட்டு மேஜை டிராயருக்குள் வைத்தாள். அவனுடைய நம்பர் ஸ்கிரீனிலேயே இருந்தது. பார்த்தாள். மூடினாள்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு பையன்கள் கும்பல் ஒன்று வந்தது. முன்னால் நின்றவன் முழங்கையைக் கண்ணாடியில் ஊன்றிக்கொண்டு, "அக்கோவ், எனக்கும் கல்யாணம் ஆகலீங். அந்த ஃபார்ம் இருக்குதுங்களா?" என்றான். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மதியம் இன்னொருத்தன் வந்தான். சாயங்காலம் அந்தக் குத்தகைக்காரரே வந்து, "எங்களையெல்லாம் கேக்க மாட்டீங்களே" என்றார், பாதி விளையாட்டும் பாதி வருத்தமுமாக. எதிர் டீக்கடையில் ஒருத்தர் சொல்ல மற்றவர்கள் தொடையைத் தட்டிச் சிரிப்பது கண்ணாடி வழியே தெரிந்தது.

வரிசையில் நின்ற பாட்டிமார்கள் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைத்தாள். அவர்களுக்கு அவளிடம் காரியம் இருந்தது. அப்படியானால் அவன்தான். கேட்டது அவளுக்குக் கஷ்டமாக இல்லை. பதில் வராததும்கூடப் பெரிசில்லை. ஆனால் அவன் அதை எடுத்துக்கொண்டு போய் டீக்கடையில் போட்டுவிட்டான் என்பதுதான் பொறுக்கவில்லை.

மையத்தின் முதலாளி மோகனசுந்தரம் சண்டை சச்சரவுக்குப் பயந்த மனுஷன். மூன்றாம் நாள் அவளைக் கூப்பிட்டு, டேபிளைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "ரஜீனா, ஒரு பத்து நாளைக்கு உள் ரூம்ல உக்காந்து டைப்பிங் பாத்துக்கம்மா. கவுண்ட்டர நான் பாத்துக்கறேன்."

"நான் என்ன தப்புப் பண்ணுனேங்க சார்?"

"தப்புன்னு யாரு சொன்னது? பேச்சு அடங்கட்டும்னுதான்."

"பேசறவங்கள உள்ள உக்கார வைங்க சார். என்னால முடியாதுங்க."

அவர் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். அவள் போய்க் கவுண்ட்டரில் உட்கார்ந்தாள்.

வீட்டில் தம்பி அஷ்ரஃப் காத்திருந்தான். பஜாரில் அவனுக்குச் செருப்புக்கடை. அவளைவிட ஐந்து வயது சின்னவன். அத்தா இறந்த பிறகு அண்ணன்போல ஆகிவிட்டான்.

"கடையில தலை நிமுந்து உக்கார முடியலக்கா. பொம்பளப்புள்ள போயி ஆம்பளைட்ட கல்யாணம் ஆச்சான்னு கேப்பாளா? வேலைய உட்டுரு. நாளைலிருந்து போவேண்டாம்."

ரஜீனா பையைக் கழற்றி வைத்தாள். "ஏண்டா, என் போனுக்கு ரோசாப்பூ அனுப்பற அத்தன பேரும் உன் கடையில செருப்பு வாங்கறவனுகதான். அப்பெல்லாம் உந்தலை எங்கடா இருந்துது?"

"அது வேற."

"என்ன வேற?"

இர்ஃபானா அடுப்படியிலிருந்து, "ஒரு வேறயும் இல்ல" என்றாள். அஷ்ரஃப் மனைவியைப் பார்த்தான். அவள் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் ரஜீனா அந்த உறையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் ரோட்டுக்கு நடந்தாள். வெயில் தார் ரோட்டை இளக்கியிருந்தது. ஷெட் வாசலில் லாரி நின்றது. உள்ளே பதினைந்து பேர் தாளில் மாங்காய் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் ஒருத்தன் இன்னொருத்தனை இடித்தான். கைகள் நின்றன. யாரோ மெல்ல விசிலடித்தார்கள்.

அஜ்மல் தராசுப் பக்கத்திலிருந்து எழுந்தான். நெற்றியில் அந்த இடி இன்னும் ஊதாவாகத் தெரிந்தது.

"இந்தாங்க உங்க ஆதார்," என்றாள். "ஸ்கேனர்ல உட்டுட்டுப் போயிட்டீங்க."

"நானே வரணும்னு..."

"இருங்க, நான் பேசிர்றேன்." குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று தொடர்ந்தாள். "உங்களப் புடிச்சுது, கேட்டேன். புடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அத்தோட முடிஞ்சுது. அத எதுக்குங்க டீக்கடையில கொண்டுபோயிப் போட்டீங்க?"

விசிலடித்தவன் பக்கம் திரும்பினாள். பிறகு எல்லோரையும் பார்த்தாள்.

"இந்தப் பஞ்சாயத்துல இருக்கற எல்லா ஆம்பளையோட நம்பரும் என் கம்ப்யூட்டர்ல இருக்குது. வயசு, ஊட்டு விலாசம், யாருக்கு எத்தன கொழந்தை, எல்லாம் எனக்குத் தெரியும். ஒருத்தருக்காச்சும் நான் குட் மார்னிங் அனுப்பிச்சிருக்கனா? சாப்டாச்சான்னு கேட்டிருக்கனா? இதா இவரு நம்பரும் இருந்துது. நான் தொடல. மூஞ்சிக்கு நேராக் கேட்டேன், நாந்தான்னு சொல்லி, வேலை பாக்கற எடத்துல உக்காந்து கேட்டேன். உங்கள்ள எத்தன பேரு அப்படிக் கேட்டிருக்கீங்க? சொல்லுங்க."

விசிலடித்தவன் ஒரு மாங்காயை எடுத்து ரொம்பக் கவனமாகத் தாளில் சுற்றினான்.

அஜ்மலின் கண் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்த ஒருத்தனிடம் போனது. அவனோடு கம்பம்மெட்டிலிருந்து வந்த கூட்டாளி ரிஜோ. ரிஜோ தலையைக் குனிந்துகொண்டான்.

"டீக்கடைல நான் சொல்லலங்க," என்றான் அஜ்மல். "இவன்கிட்ட மட்டும் சொன்னேன். சிரிக்கிறதுக்குச் சொல்லல. என்னைய... என்னைய இதுவரைக்கும் யாருமே அப்படிக் கேட்டதில்ல. சந்தோசம் தாங்காம, ஷெட்டுக்கு வந்ததும் வராததுமா இவன்கிட்ட உளறிட்டேன். இவன் வாய் நிக்கல. அது என் தப்புதான். மூணு நாளா உங்க ஆபீஸ் வாசல் வரைக்கும் வந்து வந்து திரும்பிட்டேன்."

ரஜீனா இதை எதிர்பார்க்கவில்லை. ரோட்டில் நடந்து வரும்போது இரண்டு பதில்களுக்குத் தயாராகியிருந்தாள்: அவன் சிரிப்பான், இல்லாவிட்டால் கோபப்படுவான். அவன் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. ஆனாலும் கோபம் முழுக்க இறங்கவில்லை.

"சந்தோசமா இருந்தா அத எங்கிட்ட வந்து சொல்லோணும்," என்றாள். "மத்தவங்ககிட்ட இல்ல."

"சரிங்க."

"திங்கக்கெழமை ஒரு மணிக்கு எனக்குச் சாப்பாட்டு நேரம். எதிர் டீக்கடையில வெளி பெஞ்சுல உக்காந்திருப்பேன். பேசறதுக்கு எதாச்சும் இருந்தா வாங்க. மறைஞ்சு நின்னு பேச எனக்கு வராதுங்க."

அந்த வெளி பெஞ்சில் பெண்கள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. திங்கட்கிழமை ரஜீனா உட்கார்ந்தாள். ஏற்கெனவே உட்கார்ந்திருந்த இரண்டு பேர் சூடு பட்டதுபோல எழுந்து உள்ளே போனார்கள். கடைக்காரர் இரண்டு தடவை பக்கத்தில் வந்து, ஒன்றும் கேட்காமல் போய், மூன்றாம் தடவை கேட்டார். "ரெண்டு டீ" என்றாள். ஒரு மணி ஐந்துக்கு அஜ்மல் வந்தான். சட்டையை இஸ்திரி போட்டிருந்தான். பெஞ்சின் அந்த ஓரத்தில், கீழே விழுந்துவிடுகிற அளவுக்கு ஓரத்தில், உட்கார்ந்தான்.

டீ வருவதற்குள் அஷ்ரஃப் பைக்கில் வந்துவிட்டான். யாரோ போன் போட்டிருக்க வேண்டும். இறங்காமல், ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"அக்கா, எந்திரி. ஊட்டுக்குப் போலாம்."

"ரெண்டு மணிக்கு எனக்கு வேலை இருக்குது. இவரு அஜ்மல். கேட்டது நாந்தான், இவரு இல்ல. நீயும் உக்காரு, ஒரு டீ சொல்றேன்."

அஜ்மல் எழுந்து ஸலாம் சொன்னான். கை கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கையைப் பாதிவரை நீட்டி, பையில் போட்டுக்கொண்டான். அஷ்ரஃப் ஸலாமுக்குப் பதில் சொன்னான். சொல்லாமல் இருக்க முடியாதே. பிறகு பெஞ்சையும் அக்காவையும் டீக்கடையின் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த முகங்களையும் ஒரு சுற்றுப் பார்த்தான். எட்டிப் பார்த்தவர்களிடம்தான் அவன் குரல் உயர்ந்தது: "என்னய்யா பாக்கறீங்க? டீ குடிக்கறத இதுக்கு முன்னால பாத்ததில்லியா?" பைக்கை உதைத்துக்கொண்டு போய்விட்டான். வீட்டில் ஒரு வாரம் அவளோடு பேச மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். பேசாமல் இருந்துகொள்ளட்டும்.

அஜ்மல் பேசினான். முதல் பத்து நிமிஷம் ஏலக்காயை எப்படித் தரம் பிரிப்பது என்று சொன்னான். எட்டு மில்லிமீட்டர் ஒரு ரகம், ஏழு மில்லிமீட்டர் ஒரு ரகம். அதற்குப் பிறகு இந்த வருஷ மழை. பிறகு திடீரென்று, "நீங்க சிரிச்சப்ப நல்லா இருந்துச்சு" என்றான். சொல்லிவிட்டுச் சூடான டீயை ஒரே மடக்கில் குடித்து, கண்ணில் தண்ணீர் வர இருமினான்.

அவள் கேட்டதிலேயே மோசமான பேச்சு இதுதான். லாரி டிரைவரே பரவாயில்லை. ரஜீனா சிரிப்பை அடக்கவில்லை.

"வேற என்னங்க? எங்கிட்டக் கேக்கறதுக்கு ஒண்ணுமே இல்லீங்களா?"

அவன் காலி கிளாஸைப் பெஞ்சில் வைத்தான். "ஊர்ப் பேச்சுக்காக வேலைய விட்டுறாதீங்க," என்றான். "கேள்வி இல்ல அது. ஆனா சொல்லணும்னு தோணுச்சு."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். இவன் தேறுவானா, மாட்டானா என்று இப்போதே சொல்ல முடியாது. தெரிந்துகொள்ள நாள் ஆகும். ஊர் அதுவரைக்கும் பேசும்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் சேவை மையத்தின் கதவு திறந்து, மோகனசுந்தரம் தலையை நீட்டி இங்கே பார்த்துவிட்டு உடனே உள்ளே இழுத்துக்கொண்டார். மணி ஒன்று நாற்பது.

"நாளைக்கும் வருவீங்களா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்தான் அஜ்மல்.

"வரோணும்னு தோணுச்சுன்னா வருவேன். இன்னும் இருவது நிமிசம் இருக்குதுங்க, அதுக்குள்ள எங்க போறீங்க?" என்றாள் ரஜீனா. கடைக்குள் திரும்பி, தெரு முழுக்கக் கேட்கிற குரலில் இன்னும் இரண்டு டீ சொன்னாள்.