சத்தம் போடாத வண்டி

டிவி, நோய் குறைந்துவிட்டது என்றது. போன் கூடிவிட்டது என்றது. காலையில் ஒரு டாக்டர் பயப்படாதீர்கள் என்றார், சாயங்காலம் இன்னொரு டாக்டர் வாசல்படி தாண்டாதீர்கள் என்றார். இரண்டு பேருமே வெள்ளைக் கோட்டுதான் போட்டிருந்தார்கள், யாரை நம்புவது? அந்தத் தெருவுக்கு மட்டும் இந்தக் குழப்பம் கிடையாது. எந்த ஆம்புலன்ஸும் அந்தத் தெருமுனையைத் தாண்டித்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சைரன் நிறையக் கேட்டால் நோய் கூடியிருக்கிறது, குறைச்சலாகக் கேட்டால் குறைந்திருக்கிறது. இதற்கு எதற்கு டாக்டர்?

இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் மாடி வீட்டு டெய்லர். அவருக்கு மூச்சிரைப்பு. சின்ன வயசிலிருந்தே நெஞ்சு எண்ணெய் போடாத தையல் மெஷின் மாதிரி சத்தம் போடும். தெருமுனையில் இருந்த கடையைப் பூட்டிப் போட்டுவிட்டு, பால்கனியில் உட்கார்ந்து சைரன் எண்ணுவதையே வேலையாக வைத்திருந்தார். கீழ் வீட்டு ஆம்புலன்ஸ் டிரைவர் அவருடைய தங்கச்சி புருஷன். அதனால் அவர் கணக்குக்குத் தெருவில் தனி மவுசு.

"என்ன மாப்ள, நேத்து உங்க சத்தம் ஜாஸ்தியா இருந்துச்சே?" என்று மேலிருந்து கேட்பார்.

டிரைவர் நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். விளக்கிச் சொல்ல எங்கே தெம்பு? நேற்றுக் கேட்ட சைரனில் பாதி ஒரே ஒரு அம்மாளுக்காக. பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை. அடுத்த ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் இல்லை. திரும்பவும் பெரிய ஆஸ்பத்திரி. தெரு மூன்று நோயாளி என்று எண்ணியது. வண்டிக்குள் இருந்தது ஒருத்திதான். அந்த நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் வரிசையாக நின்ற வண்டிகள் சத்தமே போடவில்லை, அவற்றை யார் எண்ணினார்கள்? நோய் கூடுகிறதா குறைகிறதா என்று அவருக்கே தெரியாது. இடுப்பு வலிக்கிறது என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும்.

அப்புறம் மேலிடத்து உத்தரவு வந்தது. சைரன் கேட்டு ஜனங்கள் பீதி அடைகிறார்களாம், இனிமேல் சத்தமில்லாமல் போக வேண்டுமாம். நோயைக் குறைக்க முடியாத மகாராசன்கள் சத்தத்தைக் குறைத்தார்கள்.

தெரு காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. முதலில் ஜன்னல்கள் திறந்தன, பிறகு கதவுகள். டீக்கடை பெஞ்சு வெளியே வந்தது. முகக்கவசங்கள் தாடைக்கு இறங்கின.

அன்று டிரைவர் வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டு, தனக்கென்று ஒதுக்கியிருந்த பின்னறையில் அப்படியே சாய்ந்தார். மனைவி கதவுக்கு வெளியே சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"ஏங்க, அண்ணன் நாளைக்குக் கடையைத் தொறக்கலாமான்னு கேக்குது. சைரனே கேக்கல, கொறஞ்சிருச்சுங்குது. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கச் சொல்லுச்சு."

சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. உத்தரவைச் சொன்னால் அவள் ஒன்று கேட்பாள், அண்ணன் படியிறங்கி வந்து ஒன்பது கேட்பார். கண் இமையைத் தூக்கவே ஆள் வைக்க வேண்டும் போலிருந்தது.

"ம்" என்றார்.

"தொறக்கச் சொல்லவா?"

"ம்."

சொல்லிவிட்டுத் தட்டைக்கூடத் தொடாமல் தூங்கிப்போனார்.

கடையில் கூட்டம் மொய்த்தது. வீட்டிலேயே அடைந்து கிடந்ததில் பாதிப் பேருக்கு இடுப்பு பெருத்துப் போயிருந்தது. பேண்ட்டைப் பிரித்துத் தைக்க வேண்டும். டெய்லர் டேப்பும் கையுமாக ஒவ்வொருத்தரையும் கட்டிப்பிடிக்காத குறையாக அளந்தார். அவ்வளவு நாள் சும்மா கிடந்த மனுஷன், முகமெல்லாம் சிரிப்பு.

கொஞ்ச நாளில், ஒரு காலை வேளையில், அவரை நாற்காலியோடு மாடியிலிருந்து இறக்கினார்கள். வண்டி கொண்டுவந்தது மாப்பிள்ளைதான். பின்னால் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு தங்கச்சி ஏறினாள்.

பெரிய ஆஸ்பத்திரி வாசலிலேயே கையை விரித்துவிட்டார்கள். இரண்டாவது ஆஸ்பத்திரியிலும் அதே கதை. மூன்றாவதற்குப் போகிற வழியில் கடைத்தெரு. நோய் போய்விட்டதென்று ஊரே அங்கே வந்து நின்றது. ஹார்ன் அடித்தால் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"மாப்ள..." ஆக்ஸிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஏன்... ஊத மாட்டேங்கிறீங்க?"

"ஊதக் கூடாதுன்னு உத்தரவு, மச்சான்."

"எப்பலேர்ந்து?"

சொன்னார். கண்ணாடியில் மனைவியின் கண் தெரிந்தது.

"அப்ப நான் கேட்ட அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சிருந்துமா 'ம்'னு சொன்னீங்க?"

"தூக்கம்" என்றார்.

இதைவிடக் கேவலமான பதில் கிடையாது என்று சொல்லும்போதே தெரிந்தது. ஆனால் அதுதான் உண்மை. வெட்கத்தில் காது எரிய, கையை நீட்டிச் சைரனைத் தட்டிவிட்டார். கூட்டம் பதறி இரண்டு பக்கமும் ஒதுங்கியது.

மூன்றாவது ஆஸ்பத்திரியில், வராந்தாவில், ஒரு சிலிண்டரும் ஸ்ட்ரெச்சரும் கிடைத்தன. பிழைத்துவிடுவாரா என்று தங்கச்சி கேட்டாள். "சொல்றதையே நிறுத்திட்டோம்மா. சொன்னதெல்லாம் தப்பாப் போகுது" என்றாள் நர்ஸ். டெய்லர் மாப்பிள்ளையைப் பார்த்து மூன்று விரலைக் காட்டினார்.

"நான் மாடில இருந்திருந்தா... மூணு பேருன்னு... எண்ணியிருப்பேன்."

மனைவி டிரைவர் பக்கம் திரும்பவே இல்லை.

காலி வண்டியோடு கிளம்பினார். ஆபீஸிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. தன் தெருமுனை வந்ததும் சைரனைப் போட்டுக்கொண்டு நடக்கிற வேகத்தில் உள்ளே திருப்பினார். ஆள் இல்லாத வண்டி ஊதக் கூடாது என்பது பழைய உத்தரவு, அதுவும் போகட்டும். டீக்கடை பெஞ்சு உள்ளே போனது. தாடையிலிருந்த முகக்கவசங்கள் மூக்குக்கு ஏறின. பூட்டிய கடை வாசலில், மடித்த பேண்ட்டும் கையுமாக நாலைந்து பேர் டெய்லருக்காகக் காத்து நின்றார்கள்.

"கொறஞ்சிருச்சுன்னாங்களே! உள்ள யாருங்க?" என்று ஒருவர் கத்தினார்.

டிரைவர் கண்ணாடியை இறக்கினார்.

"இப்ப யாருமில்ல. டெய்லரை ஆஸ்பத்திரில விட்டுட்டு வர்றேன். வீட்டுக்குப் போங்க."

அவர்கள் நகரவில்லை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். டிரைவர் தெருக்கோடிவரை போய், வண்டியைத் திருப்பி, சைரனை அணைக்காமல் மறுபடியும் அவர்களை நோக்கி வந்தார்.