இருநூற்றுப் பதின்மூன்றாவது தலை

“ஒரு விசிலும் ஒரு வெயில் முற்றமும் கொடுங்கள், பத்தே நிமிடத்தில் தலைமை நீதிபதியைக்கூடக் கைதியாக்கிக் காட்டுகிறேன்.” பெண்கள் சிறையின் துணை ஜெயிலரம்மா தன் ஆய்வேட்டின் நாற்பத்தோராம் பக்கத்தில் இப்படித்தான் எழுதியிருந்தார். வரிசையில் குந்தவைத்துத் தலையெண்ணினால் எவரும் தன் பேரையே மறந்துவிடுவார் என்பது அவர் வாதம். அதன் ஓரத்தில் வெளித்தேர்வாளர் சிவப்பு மையில் ஒரே சொல் எழுதியிருந்தார்: “கப்சா.”

அந்தப் பேராசிரியையை அம்மா நேரில் பார்த்ததில்லை. சிவப்பு மையைத்தான் பார்த்திருந்தார். நூற்றிருபது பக்கத்துக்கும் குடம் குடமாக ஊற்றியிருந்தாள் மகராசி.

சிறை நிர்வாகத்தில் முதுகலைப் பட்டம் இருந்தால்தான் கண்காணிப்பாளர் நாற்காலி. இரண்டு வருடப் படிப்பை இரவுப் பணிக்கும் மாமியாரின் மூட்டுவலிக்கும் நடுவே ஆறு வருடம் இழுத்தாயிற்று. இன்று பத்தரைக்கு அந்தப் பேராசிரியை சிறைக்கே வந்து, அம்மாவின் அறையில் வாய்மொழித் தேர்வு நடத்துவதாக ஏற்பாடு. மதியம் ஒரு மணிக்குள் தாளில் கையெழுத்தாகி, முடிவைப் பல்கலைக்கழகத்துக்குச் சொல்லாவிட்டால் பதிவே ரத்து. மறுபடி சேர வயதும் இல்லை, தெம்பும் இல்லை.

பத்து மணிக்கு விசில் ஊதி எண்ணினார்கள். இருக்கவேண்டியது இருநூற்றுப் பன்னிரண்டு. வந்தது இருநூற்றுப் பதின்மூன்று.

“குறைஞ்சா தேடலாம் மேடம். கூடினா என்ன பண்றது?” என்றாள் தலைமை வார்டர். அவள் தொண்டை ஏழு ஊருக்குக் கேட்கும். அன்று ஏழடிகூடத் தாண்டவில்லை. “சிறை உடைச்சு உள்ள வந்தவளைப் பத்தி எந்தச் சட்டத்துலயும் இல்லையே!”

“திருப்பி எண்ணு.”

மூன்று முறை எண்ணினார்கள். தலை குறையவில்லை. கணக்கு நேராகாமல் வெளிக்கதவு திறக்காது. வருகிறவர் வெளியே, இருக்கிறவர் உள்ளே. பதினொன்றேகாலுக்கு அம்மா வெளிவாசலுக்கு ஓடி, கதவின் சிறு துவாரத்தில் கண் வைத்தார். தெருவில் ஒரு நாய்தான் நின்றது.

பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டார். துறைத்தலைவர் எடுத்தார். “அவங்க எட்டு மணிக்கே கிளம்பிட்டாங்களே. கதவை நீங்க பூட்டி வச்சுட்டு ஆள் வரலைன்னா எப்படிம்மா? ஒரு மணிக்கு மேல நான் பொறுப்பில்ல.”

ஆறு வருடமும் விரலிடுக்கில் தண்ணீராக ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அம்மாவால் முடியவில்லை. பதிவேட்டைப் பிடுங்கிக்கொண்டு முற்றத்துக்குள் இறங்கினார். “தலையை எண்ணினது போதும். பேரைச் சொல்லிக் கூப்பிடறேன். கேட்டவங்க எழுந்து நிழலுக்குப் போங்க.”

இருநூற்றுப் பன்னிரண்டு பெயரைக் கூப்பிட்டதில் குரல் கம்மிவிட்டது. பன்னிரண்டரைக்கு வெயிலில் மிஞ்சியது ஒரே ஒருத்தி. நரைத்த தலை, மூக்குக்கண்ணாடி, முழங்காலைக் கட்டிய கை.

“யாரும்மா நீ?”

அவள் எழுந்து கைகட்டி நின்றாள். “மேடம், கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கட்டுமா?”

“பேரைக் கேட்டேன்!”

“பேரு…” அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். “பரீட்சைக்கு வந்தேன் மேடம். உங்களுக்குத்தான்.”

அம்மா வார்டர்கள் பக்கம் திரும்பினார். அதற்குள் வாசலில் நின்ற புது வார்டர் அழத் தொடங்கிவிட்டாள். “காலைல கோர்ட்டு வேன் ஏழு பேரை இறக்கிச்சு மேடம். இவங்களும் பக்கத்துலயே நின்னாங்க. பேராசிரியைன்னாங்க. போன வாரம் ஒருத்தி மகாராணின்னு சொன்னா, அவளையும் உள்ளதானே அனுப்பினோம்! பையையும் போனையும் வாங்கிட்டு வரிசையில சேருன்னேன்.”

“நீங்க கத்தியிருக்கலாமே!” என்றார் அம்மா பேராசிரியையிடம்.

“ரெண்டு தடவை சொன்னேன். சிரிச்சாங்க. அப்புறம் விசில் அடிச்சாங்க. உட்கார்ந்துட்டேன்.”

அறையில் இருபதே நிமிடம் கேள்வி நடந்தது. ‘உட்காருங்க’ என்று அம்மா சொல்லும்வரை பேராசிரியை நாற்காலியைத் தொடவில்லை. தாளில் நேரம் எழுதும் இடத்தில் அவர் பேனா நின்றது. மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து. அப்போது துறைத்தலைவரே பேராசிரியையின் போனில் வந்தார். ஒலிபெருக்கியில் அவர் குரல் கடுகாய்ப் பொரிந்தது.

“எங்கே மேடம் போயிட்டீங்க? அந்தம்மா கதவைத் திறக்கலைன்னு எழுதிடவா? இல்ல, நீங்க போய்ச் சேரலையா?”

அம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால் ஊரே கைகொட்டிச் சிரிக்கும்; பேராசிரியைக்கு ஒரு பொய் போதும், மானம் தப்பிவிடும். எதிரே பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒருமுறை, இருமுறை.

“ஒன்பது மணிக்கே உள்ள வந்துட்டேன் சார். கைதிகளோட குந்தி உட்கார்ந்திருந்தேன். என்னையும் சேர்த்துத்தான் எண்ணினாங்க.”

“விளையாடறீங்களா? மூணரை மணி நேரமா வாயைத் திறக்கலையா?”

“விசில் அடிச்சப்புறம் திறக்கல சார். தேர்வு நடந்தது, அந்தம்மா பாஸ். நாற்பத்தோராம் பக்கத்துல கப்சான்னு எழுதினவ நான்தான்.” அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “அது நிஜமாவே நடக்குது சார். எனக்கே நடந்துச்சு.”