கவிழ்த்து வைத்த குவளை

"எங்க அப்பா என் படத்துல ஒரே ஒரு குறைதான் சொன்னார்" என்று மைக்கில் சொல்லிவிட்டு, வழக்கமான இடத்தில் நிறுத்தினேன். "பொணத்தை ஆத்துல போட்டா என்னிக்காவது மேல வந்துரும்டா, உன் வில்லனுக்குத் தொழில் தெரியலைன்னுட்டார்."

அரங்கம் குலுங்கியது. படம் வெளியானதிலிருந்து போகிற இடமெல்லாம் இந்த ஜோக்கைச் சொல்கிறேன். ஒருமுறைகூட என்னைக் கைவிட்டதில்லை. அப்பா ஓய்வு பெற்ற கட்டட கான்ட்ராக்டர் என்று பின்னால் சேர்த்துக்கொண்டால் இரண்டாவது சிரிப்பும் கிடைக்கும். சேர்த்தேன். கிடைத்தது.

பகல் காட்சி முடிந்து, அதே திரைக்கு முன்னால் மூன்று நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஒரு ஓரத்தில் நான். நடுவில் கேள்வி கேட்க வாரப் பத்திரிகை நிருபர். அந்தப் பக்கம் என் கதாநாயகி. அவள் வேறு நாட்டுக்காரி. படத்துக்காக நம் மொழியைக் கற்றுக்கொண்டவள். ஒவ்வொரு சொல்லையும் கீழே வைத்து, அது நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த சொல்லை எடுப்பாள்.

படத்தின் கதை சுருக்கமானது. அவள் நாட்டிலிருந்து இங்கே வீட்டு வேலைக்கு வந்த ஒரு பெண் காணாமல் போகிறாள். தேடிக்கொண்டு அங்கிருந்து ஒரு போலீஸ்காரர் வருகிறார். இங்கிருந்து ஒருவரை அவரோடு ஒட்டவைக்கிறார்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. ஆனால் இருவரும் சந்தேகப்படுவது ஒரே ஆளைத்தான்: அவள் வேலை பார்த்த வீட்டுக்காரர்.

"ரெண்டு நாட்டு யூனிட்டை எப்படி சார் மேய்ச்சீங்க?" என்றார் நிருபர்.

"'கட்'டுங்கற ஒரு வார்த்தை எல்லாருக்கும் புரியும் சார். அதை வெச்சே ஓட்டிட்டேன். அவங்க ஆளுங்க சாப்பிடும்போது பேசவே மாட்டாங்க. நம்ம ஆளுங்க சாப்பிடறதே பேசறதுக்குத்தான். முதல் வாரம் அவங்க நம்மளைப் பாத்து, ஏதோ பெரிய சண்டைன்னு பயந்துட்டாங்க."

மறுபடி சிரிப்பு. எல்லாம் என் கைக்குள் இருந்தது. அப்போதுதான் நிருபர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். கேள்வி தாளில் இல்லாதது என்று அர்த்தம்.

"அவங்க ஊர்ல திரையிட்டப்போ நானும் இருந்தேன் சார். ஒரு இடத்துல மொத்தக் கூட்டமும் எழுந்து நின்னுச்சே, அது ஏன்?"

எனக்கும் அது மறக்கவில்லை. கொலைக்காட்சியில் இல்லை, சண்டையில் இல்லை. ஒன்றுமே நடக்காத ஒரு ஷாட்டில். வீட்டுக்காரரின் சமையலறை ஜன்னல். அதன் விளிம்பில் நீலக் கரை போட்ட ஓர் எனாமல் குவளை கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. குவளையின் முதுகில் ஒரு கூழாங்கல். வீட்டுக்காரரின் மனைவி வருகிறாள், விரல் நுனியால் அந்தக் கல்மேல் கொஞ்சம் தண்ணீர் சொட்டுகிறாள், போய்விடுகிறாள். அவ்வளவுதான். திரைக்கதையில் அது கிடையாது. வீட்டுக்காரராக நடித்த பெரிய நடிகர் கிளம்பிப் போன பிறகு வெளிச்சம் மிச்சம் இருந்ததே என்று, கலை இயக்குநரிடம் ஒரு குவளை தேடச் சொல்லி எடுத்தது. அது திரையில் வந்ததும் அந்த அரங்கில் நாற்காலிகள் வரிசை வரிசையாக மடங்குகிற சத்தம் கேட்டது. எழுந்து போகிறார்கள் என்று நினைத்தேன். பக்கத்திலிருந்த தயாரிப்பாளர் என் தொடையைப் பிடித்துவிட்டார். யாரும் போகவில்லை. நின்றார்கள். ஷாட் மாறியதும் உட்கார்ந்தார்கள். இப்படி எழுந்து நின்று பாராட்டுவது அவர்கள் வழக்கம் போலிருக்கிறது என்று நானும் எழுந்து கும்பிட்டேன்.

"அதை நான் சொல்லட்டுமா?" என்று கதாநாயகி மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"எங்க ஊர்ல ஒருத்தர் வெளியூர்ல செத்துப்போனா, உடம்பை வீட்டுக்குக் கொண்டுவர முடியலைன்னா, அவங்க தண்ணி குடிச்ச குவளையைக் கவிழ்த்து, மேல கல்லு வெப்பாங்க. அவங்க எங்க இருக்காங்களோ அந்தப் பக்கம் பாத்த ஜன்னல்ல. தினமும் அவங்க பேரைச் சொல்லித் தண்ணி விடுவாங்க. இல்லைன்னா அவங்க தாகத்தோட அலைவாங்க. எலும்பாவது ஊர் வந்து சேர்ற வரைக்கும் விடணும். அந்தக் குவளையைப் பாத்தா நாங்க எழுந்து நிப்போம். செத்தவங்க முன்னாடி உக்காரக் கூடாது."

பின்வரிசையில் யாரோ ஒருவர் எழலாமா வேண்டாமா என்று பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார்.

"இவ்வளவு நுணுக்கமான விஷயம் உங்களுக்கு எப்படி சார் தெரிஞ்சுது?" என்றார் நிருபர்.

என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. காலடியில் தண்ணீர் பாட்டில் இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை.

"ஆராய்ச்சிதான்" என்றேன்.

கைதட்டினார்கள்.

அவளை ஓட்டலில் இறக்கிவிட என் காரிலேயே அழைத்துப்போனேன். சிக்னலில் நின்றபோது அவளே ஆரம்பித்தாள்.

"நீங்க பொய் சொன்னீங்க சார்."

"சினிமாக்காரன்மா. மைக்கைக் கண்டா அப்படித்தான் வரும்."

அவள் சிரிக்கவில்லை. "அன்னிக்கு செட்ல அந்தக் குவளையைப் பாத்து நான் அழுதேன். நீங்க சூப்பர்னு சொல்லிட்டு, கேமராவை என் பக்கம் திருப்பினீங்க. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன். அவ்வளவு சரியா வெச்சிருந்தீங்க. கல்லு, தண்ணி, ஜன்னல் எல்லாம். ஒண்ணுதான் இடிச்சுது."

"என்ன?"

"படத்துல அவ ஆத்துல கிடக்கா. குவளை வீட்டுப் பின்பக்கத்தைப் பாத்து இருக்கு. எங்க ஊர்ல எல்லாரும் என்னைக் கேட்டாங்க. ஆத்துல இருந்தது வேற யாரோ, இவ வீட்டுப் பின்னாடிதான் இருக்கான்னு நான் சொல்லிட்டேன்."

பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான். பச்சை விழுந்து எவ்வளவு நேரமாயிற்றோ.

"எங்க வீட்ல ஒரு குவளை இருக்கு" என்றேன். "நான் சின்னப் பையனா இருக்கறப்போலேர்ந்து. அம்மா தண்ணி விடுவாங்க. ஏதோ நம்பிக்கைன்னு நினைச்சேன். அதை அப்படியே படத்துல வெச்சேன். அவ்வளவுதான்."

அவள் என் பக்கம் முழுதாகத் திரும்பினாள். "உங்க அம்மா எங்க ஊரா?"

"இல்லை. உங்க ஊர்ப் பொண்ணு ஒருத்தி வேலைக்கு இருந்தா. என்னைத் தூக்கி வளர்த்தவ. அப்புறம் ஊருக்குப் போயிட்டா."

"போனதை நீங்க பாத்தீங்களா?"

நான் கியரை மாற்றினேன்.

"சார், இதை நாமளா பாத்துக் கத்துக்கிட்டு வெக்க முடியாது. சாகப்போறவங்க, பக்கத்துல இருக்கறவங்ககிட்ட கேக்கணும். எனக்குக் குவளை வெப்பியான்னு கேக்கணும். கேட்டாதான் வெப்போம்." பிறகு மெதுவாக, "அவங்க பேரு என்ன?" என்றாள்.

"சிட்டுன்னு கூப்பிடுவோம்."

"அது உங்க மொழி. அவங்க பேரு?"

வாய்க்குள் நுழையவில்லை என்று அப்பா வைத்த பெயர் அது. உண்மைப் பெயரை நான் கேட்டதே இல்லை. ஓட்டல் வாசலில் இறங்கும்போது அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள். "அவங்க வீட்ல இன்னும் காத்துட்டு இருப்பாங்க சார். எங்க ஊர்ல கடைசிவரைக்கும் காத்திருப்பாங்க" என்றாள்.

நான் பிறந்த வீட்டில்தான் இன்னும் இருக்கிறேன். மாடியில் நான், கீழே அப்பாவும் அம்மாவும். சிட்டுவின் குவளை முன்பெல்லாம் சமையலறைக்கு வெளியே ஓர் ஆணியில் தொங்கும். வேலைக்காரிக்குத் தனிக் குவளை. அதை யாரும் உள்ளே எடுத்துவர மாட்டார்கள். ஒரு மழைக்காலத்தில் நான் எழுந்தபோது அவள் இல்லை. "சொல்லாம கொள்ளாம ஓடிட்டாடா, நன்றி கெட்டவ" என்றார் அப்பா. அந்த வாரமே வீட்டின் பின்பக்கம் முழுக்க சிமென்ட் போட்டார். சேறாகிறது என்றார். ஊருக்கெல்லாம் கட்டிக்கொடுத்தவர், சொந்த வீட்டுக்கு அதுவரை ஒரு செங்கல்கூட நகர்த்தாதவர். ஈர சிமென்டைப் பார்த்ததும் எனக்கு ஆசை, உள்ளங்கையைப் பதித்தேன். அம்மா ஓடிவந்து என் கையைப் பிடுங்கி, முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தாள். அதற்கு முன்னும் பின்னும் அம்மா என்னை அடித்ததில்லை. அடித்துவிட்டு அவள்தான் அழுதாள். அந்தக் கைத்தடம் இன்னும் இருக்கிறது. ஆணியில் தொங்கிய குவளை ஜன்னலுக்கு வந்ததும் அப்போதுதான்.

இதெல்லாம் எனக்குத் தெரியாததா? எல்லாம் தெரியும். தினமும் கண்ணில் படுகிற பொருள் ஒரு கட்டத்துக்குமேல் கண்ணில் படுவதில்லை. படத்துக்காக யோசித்தபோது, எங்கிருந்தோ வந்த அருமையான கற்பனை என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

நான் உள்ளே நுழைந்தபோது அப்பா கூடத்தில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாப்பா, பெரிய டைரக்டர்! என் ஜோக்கைச் சொன்னியா?"

"சொன்னேன்."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

"அப்ப எனக்கு ராயல்டி குடு" என்றார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். எப்போதும் போலத்தான் சொன்னார். அவர் கைகளைப் பார்த்தேன். சிமென்ட் பூசும் கரணை பிடித்த கைகள். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியதும் தொடையில் தட்டிக்கொண்டன.

அம்மா சமையலறை மேசையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். முட்டிவலி வந்த பிறகு உட்கார்ந்தேதான் எல்லா வேலையும். யார் வந்தாலும் எழுவதில்லை. எழுந்தால் உட்கார முடியாது, உட்கார்ந்தால் எழ முடியாது என்பாள். சாயங்கால வெயில் ஜன்னல் வழியே வந்து குவளையின் நீலக் கரையில் விழுந்திருந்தது. மேலே இருந்த கல் ஈரமாக இருந்தது.

நான் லேப்டாப்பை மேசைமேல் வைத்து உட்கார்ந்தேன்.

"அம்மா, என் படத்துல ஒரே ஒரு சீன் பாரு."

"வெட்டுக்குத்தெல்லாம் எனக்கு வேண்டாம்டா. உங்கப்பா பாத்துட்டு வந்து சொன்னாரே, போதும்."

"வெட்டு இல்லைம்மா."

"பின்னே?"

"பாரேன்."

கத்தியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். ஓடவிட்டேன். திரையில் ஒரு சமையலறை, ஒரு ஜன்னல், அதற்கப்பால் வெளிறிய சிமென்ட் தரை. கவிழ்ந்த குவளை. ஒரு பெண்ணின் விரல்கள் வந்து கல்லின்மேல் தண்ணீரைச் சொட்டின. அந்த இடத்தில் நிறுத்தினேன். விரலிலிருந்து விடுபட்ட ஒரு துளி கல்லைத் தொடாமல் நின்றது.

அம்மா மேசை விளிம்பைப் பிடித்தாள். நாற்காலி பின்னால் நகர்ந்தது. நறுக்கிய பீன்ஸ் மடியிலிருந்து தரையில் சிதறியது. முட்டி இரண்டும் சொடுக்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. பாதி எழுந்து, மூச்சு வாங்கி, பிறகு முழுவதும் எழுந்து நின்றாள். நான் பிடிக்கப்போன கையைத் தள்ளிவிட்டாள்.

அவள் உதடு அசைந்தது. ஒரு பெயர். நம் மொழியில் இல்லாத, நீளமான, நடுவில் ஒரு மூச்சு விட்டுச் சொல்ல வேண்டிய பெயர். அம்மா அதைத் தடுமாறாமல் சொன்னாள். அந்த வீட்டில் அத்தனை வருஷம் இருந்தும் நான் கேட்டிராத அந்தப் பெயரை, தினமும் சொல்லித் தேய்ந்த வாயால் சொன்னாள்.

"அம்மா…"

"அந்தப் பொண்ணு" என்றாள் திரையைப் பார்த்தபடியே. "உன் படத்துல நடிச்சவ. ஊருக்கு எப்போ போறா?"

"இந்த வாரக் கடைசியில."

"போகும்போது ஏதாவது கொடுத்துவிட்டா கொண்டுபோவாளா?"

கூடத்தில் டிவியின் சத்தம் நின்றது. செருப்பைத் தேய்த்து நடக்கிற ஓசை வந்தது. அப்பா காலி டம்ளரோடு சமையலறை வாசற்படியில் நின்றார். தரையில் கிடந்த பீன்ஸைப் பார்த்தார், நிற்கிற அம்மாவைப் பார்த்தார், சிரித்தார்.

"என்னடி, எனக்குக்கூட எழுந்திருக்க மாட்டே! தேசிய கீதமா போடறாங்க?"

அம்மா திரும்பவில்லை.

"எதுக்குடா நிக்கிறா இவ?"

அவர் மேசைக்கு அந்தப் பக்கமிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். லேப்டாப்பைத் தன் பக்கம் பாதி திருப்பிக்கொண்டார். கண்களைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். அந்த வீட்டில் முதல்முறையாக அதைப் பார்ப்பவர் போல. மறுபடி திரையைப் பார்த்தார். சிரிப்பு முகத்திலேயே இருந்தது, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல்.

என் விரல் பொத்தானுக்கு மேலே இருந்தது. அழுத்தினால் துளி விழும், காட்சி மாறும், அம்மா உட்கார்ந்துவிடலாம். நான் விரலை எடுத்தேன். எழுந்து அம்மாவின் பக்கத்தில் போய் நின்றேன்.

ஜன்னலுக்கு வெளியே வெயில் சிமென்டின்மேல் சாய்ந்திருந்தது. சாய்ந்த வெயிலில் மட்டும் தெரிகிற அந்தச் சின்ன உள்ளங்கைத் தடம் நிழலால் நிரம்பியிருந்தது. ஈரக் கல் மினுங்கியது.

அப்பா மட்டும் உட்கார்ந்திருந்தார்.