கால் டிரம்

கூடத்தில் மூன்று பேர். ஜன்னலோரம் டிரம்களின் பின்னால் அவுலிஸ். சோபாவில் பின்னல் ஊசியோடு அவன் மனைவி சிர்க்கா. மாடிப்படியின் அடித்தட்டில், மடிக்கணினியை முழங்காலில் வைத்துக்கொண்டு சிர்க்காவின் தம்பி ரெய்யோ. எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் கம்பளம் தொங்கியது. மைக்குகளைப் பனிச்சறுக்குத் தடிகளில் டேப் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

குளிர்காலத்தில் பக்கவாதம் வந்து எழுந்தபின் அவுலிஸ் வாசிக்கும் முதல் டாங்கோ நடனப் பாட்டு. நடன இசைக் குழுத் தலைவர் பெர்ட்டி ஊலு நகரத்திலிருந்து எழுதியிருந்தார்: வீட்டிலேயே வாசித்து அனுப்பு, கேட்டுப் பார்த்துத்தான் கோடைக் கச்சேரிகளுக்கு நீயா வேறு ஆளா என்று சொல்ல முடியும்.

வாசித்து முடித்துக் கேட்டார்கள். காலால் மிதிக்கும் பெரிய டிரம் மட்டும் எழும்பவே இல்லை.

"மீன் டப்பா விலைக்கு மைக் வாங்கினா மீன் டப்பா சத்தம்தான் வரும்" என்றாள் சிர்க்கா.

குற்றம் மைக்கின் மேல் போனதே என்று அவுலிஸுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ரெய்யோ ஒவ்வொரு மைக்காகக் கேட்டான். "மேல இருக்கிறது தனியா நல்லா இருக்கு. டிரம்முக்குள்ள இருக்கிறதும் நல்லா இருக்கு. சேர்த்தா செத்துப்போகுது. மாப்ளே, நான் பத்தவச்ச வயர்தான் கோளாறு. ஒரு மைக்குல ரெண்டு கம்பியையும் இடம் மாத்திப் பத்தவச்சுட்டேன். ஒண்ணு தள்ளும்போது இன்னொண்ணு இழுக்குது."

"உன் கல்யாணத்துல மோதிரத்தையே தப்பான கையில மாட்டினவன்தானே நீ!" என்றாள் சிர்க்கா.

ரெய்யோ சிரித்தபடி கணினியில் ஒரு பொத்தானை அமுக்கி, ஒரு மைக்கின் ஒலியைத் தலைகீழாக்கி, அதே பதிவை மறுபடி போட்டான். கால் டிரம் கூடத்தை நிறைத்தது. ஒவ்வொரு மிதியும் தெளிவாகக் கேட்டது. ஒவ்வொரு மிதியும் கைத் தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால்.

சிர்க்காவின் ஊசிகள் நின்றன.

"கணினியிலேயே இழுத்து நேராக்கிடலாம்" என்றான் ரெய்யோ மெல்ல. "யாருக்கும் தெரியாது."

"மேடையில யாரு இழுப்பா? ஆடுறவங்க எதைக் கேட்டுக் காலை வைப்பாங்க?" என்றான் அவுலிஸ்.

"இன்னொரு தடவை வாசிச்சுப் பாரேன்."

"காலையில இருந்து வாசிச்சுட்டுத்தான் இருக்கேன் மச்சான். இப்படியே பென்டிரைவ்ல ஏத்திக் குடு."

வலது தொடையைத் தடவினான். யாருடைய தொடையோ போலிருந்தது. சிர்க்கா காப்பி ஊற்றினாள், குடித்தான். பிறகு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினான்.

"பெர்ட்டி, பதிவு இத்துடன் இருக்கிறது. கால் டிரம்மை மட்டும் கேள். கோடைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள். அவுலிஸ்."

பென்டிரைவைத் தாளில் மடித்து உறைக்குள் வைத்தான். ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டி, தபால்தலை ஒட்டி, தெருமுனைப் பெட்டிக்கு நடந்துபோய்ப் போட்டான்.