தினமும் ஓட்ட ஒரு சிவப்பு கூபே

ஒர்னெல்லா அந்தக் காரை வாங்கியபோதே அது பழைய கார்தான். தொண்ணூறுகளில் இத்தாலியின் தூரினோவில் செய்தது. சிவப்பு நிறம், இரண்டே கதவு, தரையோடு தரையாகக் கிடக்கும் உடம்பு; கூபே என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை துடைத்து வைத்து அழகு பார்க்க அவள் அதை வாங்கவில்லை. மலைமேல் அந்த்ராத்தேயில் அவள் வீடு. வேலை தூரினோ ஆஸ்பத்திரியில், அறுவை சிகிச்சை அறையில். நானும் அங்கேதான் நர்ஸ். அடிவாரத்து ரவுண்டானாவில் காத்திருந்து தினமும் அவளோடு ஏறிக்கொள்வேன்.

"ஸ்போர்ட்ஸ் கார்னா பின்சக்கரம் தள்ளணும். இது முன்சக்கரம் இழுக்குற கழுதை. அதுவும் கிழட்டுக் கழுதை. இதை நம்பி தினமும் வேலைக்குப் போறியா?" என்று அவள் கணவன் லிவியோ கிண்டல் செய்வான்.

"பனி விழட்டும், அப்ப பேசு" என்பாள் அவள்.

பனி விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் பெரிய ஜெர்மன் கார் முதல் வளைவிலேயே பின்புறத்தை ஆட்டிக்கொண்டு நின்றுவிட, ஒர்னெல்லாவின் கூபே முன்சக்கரத்தால் மண்ணைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கி வந்தது. ஜன்னலில் ஈரம் கசியும், பின்சீட்டில் ஆள் உட்கார முடியாது, பெட்ரோல் குடிக்கும். ஆனால் மூன்று குளிர்காலம் எங்களை அது ஒருநாள்கூட வழியில் விட்டதில்லை. நெடுஞ்சாலையில் ஏறியதும் அவள் முகம் மாறும். ராத்திரி ஷிப்ட் முடித்த களைப்பிலும் உதட்டோரம் ஒரு சிரிப்பு இருக்கும்.

தலைமை நர்ஸ் பதவிக்கு அவள் பெயர் அடிபட ஆரம்பித்த வசந்தத்தில் காரின் குணம் மாறிப்போனது.

முதல் தடவை, சுங்கச்சாவடி தாண்டி எஞ்சின் சட்டென்று அணைந்தது. ஓரமாக உருட்டி நிறுத்தினாள். கால்மணி நேரத்தில் தானாகவே கிளம்பியது. இரண்டு வாரம் நன்றாக ஓடும், பிறகு மறுபடியும் நிற்கும். மெக்கானிக்கிடம் காட்டலாம் என்றால் லிவியோ விடமாட்டான். அவன் பார் என்று நாங்கள் சொல்லும் காபிக் கடைகளுக்குக் காபி மெஷின் பழுது பார்க்கிறவன். வயர், கரண்ட் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. "வீட்ல நான் இருக்கும்போது எதுக்கு அடுத்தவனுக்குக் காசு குடுக்குற?" என்று சொல்லி, சனிக்கிழமை பூராவும் காருக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பான். மாலையில் கையைத் துடைத்தபடி வந்து, "வயசாயிடுச்சு, அவ்வளவுதான்" என்பான்.

அவளுக்கு அவன்மேல் பாசம் பொங்கும். "பாவம்டி, எனக்காக லீவு நாளெல்லாம் அதுலயே கிடக்கறான்" என்று என்னிடம் சொல்வாள்.

ஜூன் மாதம் நடந்தது வேறு மாதிரி. சாலை வேலை நடந்ததால் ஓரத்தை மூடியிருந்தார்கள். ஒதுங்க இடமில்லாத அந்த ஒற்றைப் பாதையில் எஞ்சின் செத்துப்போனது. பின்னால் வந்த லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். டயர் தேய்கிற சத்தம் மட்டும் கேட்டது. திறந்து பார்த்தால், பின் கண்ணாடி முழுக்க லாரியின் முகம். ஒர்னெல்லாவின் கை ஸ்டியரிங்கை விட்டு வரவே இல்லை. விரல் விரலாக நான்தான் பிரித்தேன்.

அன்று காலை முதல் ஆபரேஷன் எங்களால் தள்ளிப்போனது. பதவி வேறொருத்திக்குப் போனது. ஒர்னெல்லா வாதாடவில்லை. மலையடிவாரத்து இவ்ரேயாவில், வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் ரத்தம் எடுக்கும் வேலைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். காரை விற்றாள். வாங்க வந்தவன் தெனிஸ் என்கிற இளம் ஆம்புலன்ஸ் டிரைவர். சாவியைக் கொடுக்கும்போது, "இது வழியில நின்னுரும். மறைச்சு விக்க மாட்டேன்" என்று அவளே சொன்னாள். கார் தெருமுனை திரும்பும்வரை லிவியோ அவள் தோளை அணைத்துக்கொண்டு நின்றான்.

அடுத்த இலையுதிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, நானும் அவளும் சந்தைக்குப் போய்விட்டு போர்கோஃப்ராங்கோவில் ஒரு பார் முன்னால் இறங்கினோம். வாசலில் சிவப்பு கூபே. உள்ளே தெனிஸ் காபி குடித்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தான்.

"இன்னும் ஓடுதா?" என்று ஒர்னெல்லா கேட்டாள்.

"என்ன சிஞ்ஞோரா இப்படிக் கேட்டுட்டீங்க? தினமும் ஆவோஸ்தா வரைக்கும் போயிட்டு வர்றேன். ஒருநாள் நின்னதில்ல. வாங்கின வாரம் ஒரே ஒரு தடவதான் நின்னுச்சு."

"அப்புறம்?"

"மெக்கானிக்கிட்ட விட்டேன். டிக்கியில கார்ப்பெட்டைத் தூக்குனதும் அவரே சிரிச்சுட்டாரு. பெட்ரோல் பம்புக்குப் போற வயரை யாரோ வெட்டி, சும்மா கோத்து விட்டிருந்தாங்க. குலுங்குனா விட்டுரும், கொஞ்ச நேரம் கழிச்சு ஒட்டிக்கும். உங்களுக்கு யாராவது வேண்டாதவங்க இருக்காங்களா?"

அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். அவள் சிரிக்கவில்லை.

"தானா அறுந்திருக்காதா?"

"தானா அறுந்த வயருக்கு யாரு உறை போடுவா? வெள்ளையா, துணி மாதிரி. சூடு தாங்குறது. காபி மெஷினுக்குள்ள போடுறதுன்னு மெக்கானிக் சொன்னாரு, காருக்கு யாரும் போட மாட்டாங்களாம்."

ஒர்னெல்லா காபிக்குக் காசு கொடுத்தாள். வாங்கிய பழப்பையை மேஜைமேலேயே விட்டுவிட்டு வெளியே நடந்தாள். நான் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"வீட்டுக்கு வா" என்றாள். "அந்த லாரி முன்னால நீயும்தானே உக்காந்திருந்த."

லிவியோ சமையலறையில் குடமிளகாய் வதக்கிக்கொண்டிருந்தான். "மிரெல்லாவும் வந்துட்டாளா? இன்னொரு தட்டு வைக்கிறேன்" என்றான். ஒர்னெல்லா கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"டிக்கிக்குள்ள வயரை வெட்டினது நீதானே?"

அவன் முதலில் எந்த வயர் என்றான். பிறகு அடுப்பை அணைத்தான். பிறகு உட்கார்ந்துவிட்டான். அவன் மறுத்துப் பேசுவான் என்று நான் எதிர்பார்த்தேன். அவன் மறுக்கவே இல்லை.

"எனக்குப் பயமா இருந்துச்சு ஒர்னெல்லா. தினமும் அந்த ரோட்ல அவ்வளவு தூரம். பதவி வந்தா இன்னும் லேட்டாகும். வீட்லயே இருக்க மாட்ட. காரு மேல வெறுப்பு வந்தா அந்த வேலையை நீயே விட்டுருவன்னு நெனச்சேன்."

"பயந்தவன் என்னை லாரி முன்னால நிறுத்துவானா?"

"ரோடு வேலை நடக்குதுன்னு எனக்குத் தெரியாது."

"அன்னிக்குச் சாயங்காலம் வந்து சொன்னேன். லாரியப் பத்தி ஒண்ணு விடாம சொன்னேன். நீ சூப் வெச்சுக் குடுத்த. மறுநாளாவது அதைச் சரி பண்ணியிருக்கலாம்ல?"

அவன் மேஜைமேல் கிடந்த துணியை எடுத்து மடித்தான்.

"அதுக்கப்புறமும் ரெண்டு தடவ நின்னுச்சு லிவியோ."

அவன் என்னைப் பார்த்தான், ஏதாவது சொல்லேன் என்பதுபோல. என் முதுகில் லாரியின் சூடு இன்னும் இருப்பதுபோல் இருந்தது. நான் தட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றே அவள் ஒரு பெட்டியோடு இவ்ரேயாவில் அக்கா வீட்டுக்குப் போனாள். மறுவாரம் தெனிஸிடம் காரைத் திரும்பக் கேட்டாள். அவன் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தான். "மன்னிச்சுக்குங்க சிஞ்ஞோரா, மனசு வரல. இவ்வளவு நல்லா ஓடுற வண்டிய எப்படிக் குடுக்கறது?" என்றான். அதில் தப்பு சொல்ல அவளுக்கு வழியில்லை. லிவியோ எனக்குப் பலமுறை போன் செய்தான். தன்னைத் தவிர அவளை இவ்வளவு நேசிக்கிறவன் யார் என்று கேட்டு அழுதான். நான் போனை வைத்துவிட்டேன்.

வசந்தத்தில் தூரினோவில் பழைய வேலை திரும்பக் கிடைத்தது, தலைமைப் பதவி இல்லாமல். இப்போது ரயிலில் வருகிறாள். போன வாரம் கிவாஸ்ஸோ ஸ்டேஷனில் ரயில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டது. பிளாட்பாரத்திலிருந்து எனக்குப் போன் செய்தாள்.

"சிக்னல் கோளாறாம். எல்லாரும் திட்டிட்டு இருக்காங்க."

"வந்து சேரு, நான் சமாளிக்கிறேன்."

"மிரெல்லா, சிரிக்காத. நின்னதும் எனக்கு முதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? இதை யாரு நிறுத்தினதுன்னு தோணுச்சு."

நான் சிரிக்கவில்லை. டாக்டரிடம் அவள் தாமதமாக வருவாள் என்று சொல்லிவிட்டு, அவளுடைய கருவிகளையும் சேர்த்து நானே எடுத்து வைக்கத் தொடங்கினேன்.